நாளைக்கு வரச் சொன்ன கதவுகள்

"படிக்கத் தெரியாதவங்க வந்து தட்டுனா என்னம்மா பண்ணுவாங்க?"

ஜோதியம்மாளிடம் மகள் சரஸ்வதி இதைக் கேட்டது, அவர்கள் ஓசூர்ப் பக்கம் பாகலூருக்குக் குடிவந்த அன்று. நாட்றாம்பாளையத்திலிருந்து கொண்டுவந்த மூட்டைகளை வாசலில் இறக்கிவிட்டு, வீட்டுக்காரர் வெங்கடசாமி சாவியைத் தேடி எடுக்கும்வரை ஜோதியம்மாள் நின்றிருந்தாள். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். ஒவ்வொரு கதவிலும் சுண்ணாம்பால் கன்னடத்தில் ஏதோ எழுதியிருந்தது. அவர்களுக்கு ஒதுக்கிய கடைசி வீட்டுக் கதவிலும்.

'நாளெ பா' என்று எழுதியிருக்கிறது, நாளைக்கு வா என்று அர்த்தம் என்றார் வெங்கடசாமி. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அப்போது ஊர் ஊராக இதே பேச்சு. அந்தி சாய்ந்ததும் ஒரு பேய் வந்து தட்டுமாம். தெரிந்தவர் குரலில் கூப்பிடுமாம். திறந்த வீட்டில் பிள்ளை தங்காதாம். எழுத்தைப் படித்தால் சரி, நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிடும். மறுநாளும் அதே எழுத்து இருக்கும்.

அப்போதுதான் குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"இது எல்லைப் பேய் கண்ணு. தமிழு, கன்னடம், தெலுங்கு எல்லாம் படிக்கும்" என்று வெங்கடசாமி வெற்றிலை வாயோடு சிரித்தார். ஆனால் எழுத்தை மட்டும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அது மார்கழி. மாலையானால் ஏரிப் பக்கமிருந்து பனி எழுந்து வந்து தெருவை மூடிவிடும். புருஷன் ஆஞ்சப்பனுக்குத் தொழிற்சாலையில் செகண்ட் ஷிப்ட். அவன் வீடு திரும்ப ஊர் அடங்கிவிடும். சரஸ்வதிக்குக் குளிர் ஆகாது, இழுப்பு வரும். இருந்த ஒரே கம்பளியில் மகளைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தி விளக்கின் முன்னால் ஜோதியம்மாள் உட்கார்ந்திருப்பாள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் வரிசையின் முதல் வீட்டில் சத்தம் கேட்டது.

தட்டும் சத்தம்.

பலமாக இல்லை. கையில் வலுவில்லாதவர் தட்டுவதுபோல. சற்றுப் பொறுத்து அடுத்த கதவு. பிறகு அதற்கடுத்தது. ஒரு வீட்டில் பேச்சுக்குரல் நின்றது. இன்னொரு வீட்டில் ரேடியோவை அணைத்தார்கள். ஈரமான களிமண் வாசனை கதவிடுக்கு வழியே உள்ளே வந்தது.

கடைசியில் அவர்கள் கதவு.

"அக்கா... கொஞ்சம் வெந்நீ."

ஜோதியம்மாள் மகளின் காதுகளைப் பொத்திக்கொண்டாள். வெளியே யாரோ வெகுநேரம் நின்றார்கள். பிறகு வாசனை மட்டும் மெல்ல விலகியது.

மறுநாளும் அதே அந்தி, அதே குரல். அதற்கு மறுநாளும்.

பக்கத்து வீட்டு ரஹமத் பீவி நல்ல மனுஷி. பிள்ளைக்கு இழுப்பு என்று தெரிந்ததும் தூதுவளைத் துவையல் அரைத்துக் கொடுத்தவள். அவளிடம்தான் ஜோதியம்மாள் கேட்டாள். ரஹமத் பீவி முதலில் பேச்சை மாற்றினாள். அப்புறம், குழாயடியில் வேறு யாரும் இல்லாதபோது, தணிந்த குரலில் சொன்னாள்.

"எழுதுனது மொதல்ல. அது வந்தது அப்பறம்."

ஜோதியம்மாளுக்குப் புரியவில்லை.

ரஹமத் பீவி குடத்தைக் கீழே வைத்தாள். ஊர்ப் பேச்சைக் கேட்டு எல்லாரும் கதவில் எழுதியபோது, இந்த வரிசையில் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. போன மார்கழியில் செங்கல் சூளையிலிருந்து ஒரு பெண் வந்தாள், வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரி. கையில் பிறந்த குழந்தை. பனியில் குழந்தை விறைத்துப்போகிறது என்று வீடு வீடாகத் தட்டி வெந்நீர் கேட்டிருக்கிறாள். ஒருவரும் திறக்கவில்லை. விடிந்து பார்த்தபோது கடைசி வீட்டு வாசலில் தாயும் பிள்ளையும் சுருண்டு கிடந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று சூளையில் சொன்னார்களாம்.

"நாளைக்கு வான்னு சொன்னோம்" என்றாள் ரஹமத் பீவி. "வருது."

அன்று முழுக்க ஜோதியம்மாளுக்குக் கை எதிலும் ஓடவில்லை. திறந்தால் தன் பிள்ளைக்கு என்ன ஆகும்? திறக்காமலிருந்தால், அந்த வாசலை மிதித்துக்கொண்டு நாளைக்கும் எப்படிச் சோறு தின்பது? பொழுது சாயும்போது ஈரத்துணியை எடுத்துக் கதவிலிருந்த எழுத்தைத் துடைத்தாள். செம்பு நிறைய வெந்நீர் காய்ச்சினாள். தூங்கும் மகளுக்குத் தன் சேலைகளை நாலாக மடித்துப் போர்த்திவிட்டுக் கம்பளியை உருவிக்கொண்டாள்.

தட்டும் சத்தம் ஒவ்வொரு கதவாக வந்தது.

"மாரியாத்தா, எம் பிள்ளைய மட்டும் கேக்காத" என்று முணுமுணுத்துக்கொண்டே தாழை நீக்கினாள்.

வெளியே பனி.

பனியைத் தவிர ஒன்றுமில்லை.

செம்பையும் கம்பளியையும் வாசற்படியில் வைத்தாள். "இந்தாம்மா. பிள்ளைக்கும் போத்து" என்றாள். செம்பிலிருந்து நேராக எழுந்த ஆவி, யாரோ முகத்தைக் கிட்டே கொண்டுபோனதுபோல வளைந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது படியில் செம்பும் இல்லை, கம்பளியும் இல்லை.

அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை. பேய்க்கே ஓசூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று குழாயடியில் கேலி பேசினார்கள். ஆனாலும் மற்றக் கதவுகளில் எழுத்து அப்படியே இருந்தது. ஜோதியம்மாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கம்பளியைக் காணோம் என்று ஆஞ்சப்பன் கேட்டபோது, குளிரில் வந்தவர்களுக்குக் கொடுத்ததாகச் சொன்னாள். அவன் நல்லதென்று விட்டுவிட்டான்.

தை பிறக்கப்போகும் சமயம், விளக்கு வைத்த சற்று நேரத்தில் சரஸ்வதிக்கு இழுப்பு வந்தது. முன்பெல்லாம் வந்ததுபோல் இல்லை. நெஞ்சுக்குழி உள்வாங்கியது. உதடு நீலம் பூத்தது. ஆவி பிடிக்க ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் இல்லை. ஜோதியம்மாள் பனிக்குள் ஓடி ரஹமத் பீவியின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் வெந்நீ!"

சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது.

உள்ளே பேச்சுக்குரல் நின்றது.

"நாந்தான்க்கா, ஜோதி. பிள்ளைக்கு மூச்சு வரல."

உள்ளே ரஹமத் பீவி ஓதத் தொடங்குவது கேட்டது. அடுத்த கதவைத் தட்டினாள். அதற்கடுத்ததை. எங்கோ ரேடியோவை அணைத்தார்கள். கதவு கதவாக வெள்ளை எழுத்துகள் அவளைப் பார்த்தன. வரிசையின் முதல் வீடுவரை போனாள். ஒரு தாழும் அசையவில்லை.

தனியாகக் கிடக்கும் பிள்ளையின் நினைப்பு வந்ததும் திரும்பி ஓடினாள்.

சாத்திவிட்டுப் போன கதவு திறந்திருந்தது.

உள்ளே ஈரக் களிமண் வாசனை. பாயில் சரஸ்வதி தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. தலைமாட்டில் அந்தச் செம்பு, வாய்வரை வெந்நீர், ஆவி பறந்துகொண்டிருந்தது. மூலையில் ஸ்டவ் சில்லிட்டுக் கிடந்தது.

குழந்தையின் கழுத்துவரை அந்தக் கம்பளி போர்த்தியிருந்தது.

ஜோதியம்மாள் மெல்ல மண்டியிட்டாள். கம்பளியின் மறுபாதி, சரஸ்வதியின் பக்கத்தில், வெறும் பாய்மேல் கவனமாகச் சுற்றி ஒதுக்கியிருந்தது. நடுவில் ஒரு கைக்குழந்தை கிடக்கும் அளவுக்குப் பள்ளம்.

தொட்டுப் பார்த்தாள்.

கதகதப்பாக இருந்தது.