கார் ஷெட்டில் செத்த சிக்னல்!

"ஐயோ... போச்சு... போச்சு...!"

அஸ்தினாபுரத்தின் மத்தியான வெயிலைக் கிழித்துக்கொண்டு, கொல்லைப்புறத்திலிருந்து வந்தது அந்த அலறல்!

ரத்தினபாய் கையில் கரண்டியோடு ஓடினாள். பின்னாலேயே அவள் கணவர் ஜெபராஜ், வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடினார்.

கார் விற்றுப் பல வருஷம் ஆகியும் பெயர் மாறாத கார் ஷெட். இப்போது அது மருமகள் ஈவ்லினின் ஆபீஸ்.

உள்ளே... நாற்காலியில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள் ஈவ்லின்.

"என்னம்மா... பாம்பா?"

"பாம்பா இருந்தா அடிச்சிருப்பேன் அத்தை. நெட் போச்சு!"

லேப்டாப் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அலறியது. ஸ்பீக்கரில் மேனேஜர் சின்மயி!

"ஈவ்லின், மறுபடி காணாமப் போயிட்டீங்க. கடைசியா சொல்றேன். மூணு மணிக்கு ஜெர்மன் கிளையண்ட். அதுலயும் நடுவுல கட் ஆச்சுன்னா, வீட்லேர்ந்து வேலைங்கிற பேச்சே கிடையாது. திங்கக்கிழமை புனே ஆபீஸ்ல இருப்பீங்க!"

"மேடம்... ஹஸ்பண்ட் கப்பல்ல இருக்கார். பையனுக்கு இப்பதான் குரோம்பேட்டைல ஸ்கூல் சீட் கிடைச்சிருக்கு..."

"புனேலயும் ஸ்கூல் இருக்கு!"

டொக்!

மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

"ஹாலுக்கு வந்துடேன்மா. ரவுட்டர் அங்கதானே இருக்கு..." ஜெபராஜ் குரலில் தேன் வழிந்தது.

"போன தடவை வந்தேனே மாமா! அத்தை குக்கர் அடிச்ச விசில்ல, ரயில்வே ஸ்டேஷன்லயா இருக்கேன்னு கிளையண்ட் கேட்டான்!"

"விசில் இல்லாம பருப்பு எப்படி வேகும்?" ரத்தினபாய் கரண்டியை ஓங்கினாள்.

இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் ரவுட்டரை ஹாலின் பின்ஜன்னலில்தான் வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே ஷெட். மாட்டிய அன்று சிக்னல் நிமிர்ந்து நின்றது. கொஞ்ச நாள் கழித்துத்தான் இந்தக் கூத்து! நன்றாக இருக்கும்... திடீரென்று சாகும்... மறுநாளோ அதற்கு மறுநாளோ தானாக உயிர்த்தெழும்!

"இதுல ஏதோ சதி இருக்கு!" ஜெபராஜ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார். "நான் கண்டுபிடிக்கிறேன். முதல் சந்தேகம்... பக்கத்து வீட்டுத் துளசிங்கம்!"

காம்பவுண்டுச் சுவருக்கு மேலே துளசிங்கத்தின் வழுக்கைத் தலை முளைத்தது.

"இன்னா சார், என் பேரு அடிபடுது?"

"வைஃபை பாஸ்வேர்டை நாங்க மாத்தினதுல உங்களுக்குக் கோபம்தானே?"

"சார்! இந்தத் தெருவே எங்க அப்பா நெல்லு போட்ட இடம். உங்க நெட்ட புடுங்கி நான் இன்னா பண்ணப் போறேன்? சம்ப்ல சொட்டுத் தண்ணி இல்லாம வூடே நாறிக்கினு கீது!"

பாம்...! பாம்...!

பக்கச் சந்து வழியே தெரிந்த வாசலில் தண்ணி லாரியின் ஹாரன். டிரைவர் பாலு ஓஸைச் சுருட்டிப் போட்டுவிட்டுக் கிளம்பத் தயாரானான்.

ஈவ்லின் பார்வை அந்த ஓஸில் விழுந்தது. அதன் நுனியில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மூளைக்குள் பளிச்!

போன தடவை நெட் செத்தபோதும் வாசலில் இதே லாரி... அதற்கு முந்தின தடவையும்!

"பாலு அண்ணா, நில்லுங்க! நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் என் நெட் சாகுது. ஏன்?"

"இன்னாக்கா பேஜாரா கீது! நான் தண்ணி ஊத்துற ஆளு. உன் நெட்ட டேங்கர்ல புடிச்சிகினா போறேன்?"

"பாவம்மா, அவனை விடு!" ஜெபராஜ் அவசரமாகக் குறுக்கே புகுந்தார். "நீ கெளம்பு பாலு. மேடவாக்கம் ட்ரிப் இருக்குல்ல?"

பாலு கிளம்பவில்லை. கீழே குதித்தான்.

"இரு சார். பழி போட்டா சும்மா போவ முடியுமா? காலைல நான் இன்னா சொன்னேன்? டேங்க்ல பாதித் தண்ணி கீது, நாளைக்கு வரேன்னேன். நீதான் சார், இன்னிக்கே வா, மூடி வரைக்கும் ஊத்துன்னே. போன வாட்டியும் அதேதான்!"

ஜெபராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாதித் தண்ணி இருக்கும்போதே லாரியா?" ரத்தினபாயின் கண்கள் சுருங்கின.

"அது... வெயில் காலம்... முன்ஜாக்கிரதை..."

ஈவ்லின் திரும்பிப் பார்த்தாள். ஹால் ஜன்னலுக்கும் ஷெட்டுக்கும் நடுவே, சிமென்ட் மேடை மேல், கழுத்துவரை நிரம்பி நின்றது கறுப்பு பிளாஸ்டிக் டேங்க்.

அவள் கோபப்படவில்லை. கடைசி பெஞ்சு மாணவி மாதிரி மெல்லக் கையைத் தூக்கினாள்.

"மாமா... ஒரு டவுட். தண்ணிக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்?"

காலமெல்லாம் சாக்பீஸ் பிடித்த கை! கேள்வி என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால், பதில் சொல்லாமல் அந்த நாக்கு அடங்காது.

"நல்ல கேள்வி!" ஜெபராஜின் விரல் காற்றில் படம் வரைந்தது. "வைஃபைங்கிறது ரேடியோ அலை. தண்ணி அதை உறிஞ்சிடும். டேங்க் பாதி காலியா இருந்தா, ஜன்னல் மட்டத்துல தடை இல்ல. அலை தாண்டிப் போயிடும். மூடி வரைக்கும் நிரப்பினா அது ஒரு தண்ணிச் சுவர்! சிக்னல் அந்த இடத்துலயே செத்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டூ லேட்!

"ஆக, தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க!" ஈவ்லின் கேட்டாள். "ஏன் மாமா?"

"புனே விஷயம் சத்தியமா இப்பதாம்மா தெரியும்!" ஜெபராஜ் உடைந்துபோனார். "நீ லேப்டாப்போட ஹாலுக்கு வந்தாதான் உன் அத்தை ஏசி போடறா. எனக்காக ஒருநாளும் போட்டதில்ல. மத்தியானத்துல கொஞ்ச நேரம்... குளுகுளுன்னு... தூங்கலாம்னு..."

"ரிட்டயர்டு ஆளுக்கு ஃபேன் போதும்!" ரத்தினபாய் சீறினாள்.

"அப்புறம் சண்டை போடுங்க! மூணு மணிக்குள்ள டேங்க் பாதியாகணும்!" ஈவ்லின் பதறினாள்.

சுவருக்கு மேலே வழுக்கைத் தலை பளபளத்தது.

"என் சம்ப் காலியாதான் கீது! சந்தேகப்பட்டதுக்கு நஷ்டஈடா வெச்சுக்கறேன். பாலு, ஓஸ மாட்டுடா!"

டேங்கின் அடிக்குழாயில் மாட்டிய ஓஸ் சுவர் ஏறிக் குதித்தது. தண்ணீர் துளசிங்கத்தின் தரைக்கடியில் இருந்த சம்ப்புக்குள் தடதடவென்று கொட்டியது.

ஈவ்லின் ஷெட்டுக்குள் பாய்ந்தாள். திரையில் வட்டம்... சுற்றியது...

மணி மூன்றை நெருங்கியது. ஒரு கோடு!

அடுத்த கோடு!

"ஹலோ ஈவ்லின்! நீங்க தெளிவா தெரியறீங்க!" திரையில் சின்மயி சிரித்தாள்.

மீட்டிங் முடிந்து வெளியே வந்த ஈவ்லின் கட்டைவிரலை உயர்த்தினாள். புனே கேன்சல்!

மறுநாளே ஆளை வரவழைத்து, மண்ணுக்கடியில் பைப் புதைத்து, ஷெட்டுவரை கேபிள் இழுத்து, அங்கேயே இன்னொரு ரவுட்டரை மாட்டிவிட்டாள். இனி டேங்க் வழிந்தாலும் கவலையில்லை!

தீர்ப்பை ரத்தினபாய் எழுதினாள். ஹாலில் இருந்த ஏசியைக் கழற்றி ஷெட்டில் மாட்டச் சொன்னாள்.

"சம்பாதிக்கிறவ எங்கேயோ, ஏசியும் அங்கேதான்!"

அடுத்த நாள் மத்தியானம். ஷெட்டின் கதவு மெல்லத் தட்டப்பட்டது.

டொக்... டொக்...

கதவைத் திறந்தாள் ஈவ்லின். கக்கத்தில் தலையணையோடு ஜெபராஜ்!

"ஈவ்லின்... ஒரு ஓரமா..."

ஹெட்செட்டைக் கழற்றாமலே அவள் சொன்னாள்:

"வாங்க மாமா... ஆனா மியூட்ல தூங்கணும்!"