பதினான்காம் நம்பர் கொழுப்பு

"ஐயோ... சேர்!"

ஆராய்ச்சி மாணவி சாம்பவி போட்ட அலறலில் கொட்டாஞ்சேனை ஆய்வுகூடமே அதிர்ந்தது.

பேராசிரியர் சவுந்தரநாயகம் தரையில் கிடந்தார். ஈர்க்குச்சி உடம்பு வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பேச்சு மூச்சில்லை!

அம்புலன்ஸ் அவரை அள்ளிக்கொண்டு பறந்தது. அது போன கையோடு இன்ஸ்பெக்டர் பதியுதீன் வந்து இறங்கினார்.

"கழுத்துல ஊசி குத்தின அடையாளம் ஈக்கிதுன்னு அம்புலன்ஸ்காரங்க சொன்னாங்க மிஸ். ஃபிரிஜ்ஜில வெச்ச இன்சுலின் போத்தல் காலி. காலையில அவரோட சண்டை பிடிச்சது யாரு?"

"நான்தான்... அது சண்டையில்லை, புலம்பல்!"

"எதுக்குப் புலம்பினீங்க?"

"பதினாலாம் நம்பருக்கு!"

சாம்பவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளவத்தையிலிருந்து தினமும் பஸ்ஸில் இடிபட்டு வந்து செய்த ஆராய்ச்சி. இதைப் பொலிசுக்கு வேறு விளக்க வேண்டுமாம்!

"ஒப்பரேஷனுக்கு வந்த ஆக்கள் விரும்பித் தந்த கொழுப்பு இது. எங்களுக்குப் பேர் தெரியாது, நம்பர் மட்டும்தான். கொழுப்புக் கலத்துக்குள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ எண்டு சின்னத் துணுக்குகள் இருக்கு. அதில ஒண்டு அழற்சியை அடக்கி வைக்கும். அது குறைஞ்சால் கலம் கொதிக்கும்... இன்சுலின் சொல்லுறதைக் கேக்காது!"

"சரி..."

"குண்டான ஆக்களில அது குறைவு. மெலிஞ்ச ஆக்களில கூடுதல். எல்லாம் ஒழுங்கா வந்தது. பதினாலு மட்டும் மெலிஞ்ச ஆள்... ஆனா கலம் கொதிக்குது! சேர் நம்பேல்லை. 'உம்மட கை சரியில்லை, திரும்பச் செய்யும்' எண்டார். செய்தன். அதே விடை! அதே ஏச்சு!"

"அந்த ஆத்திரத்தில குத்திட்டீங்க?"

"ஆத்திரத்தில குத்துறதெண்டா முதலில அந்த விடையைத் தந்த மெஷினைத்தான் குத்தியிருப்பன்!"

மூலையில் நின்ற மூத்த ஆய்வாளன் பிரசாந் உச்சுக் கொட்டினான்.

"மெலிஞ்ச உடம்பு... சேர் தப்பமாட்டார். உண்மையைச் சொல்லிப்போடும் சாம்பவி."

அடப்பாவி!

"ஸ்டேஷனுக்குப் போவம் மிஸ்."

உழைப்பும் போய், பெயரும் போய், இப்போது கையில் விலங்கா? அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது!

ஸ்பீக்கரைப் போட்டார். பலவீனமான குரல்... பேராசிரியரின் குரல்!

"பிரசாந் அங்க நிக்கிறானோ? பின்னால வந்து ஊசியைக் குத்தினவன் அவன்தான்! பதினாலைக் களவா அழிச்சுப்போட்டு எங்கட கட்டுரையை வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பியிருக்கிறான். திருப்பி எடு எண்டு சொன்னனான்!"

பிரசாந் கதவுக்குப் பாய்ந்தான். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் கொலரில் பிடித்து நிறுத்தினார்.

"அவ்வளவு இன்சுலினுக்கு... நீங்கள் எப்படி உயிரோட?" பிரசாந் தன்னை மறந்து கத்திவிட்டான்.

"டொக்டரும் அதைத்தான் கேட்டவர். மயக்கத்தோட நிண்டிட்டுதாம். என்ர உடம்பு இன்சுலினை மதிக்கிறதே இல்லையாம்!" குரல் தயங்கியது. "பித்தப்பை ஒப்பரேஷனில நானும் ஒரு துண்டு குடுத்தனான். போத்தலில ஒட்டின நம்பரைக் கண்டனான்... நீ அழிச்ச பதினாலு நான்தானடா!"

மெலிந்தவனுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யும் என்று பதினாலை மறைத்துப் பொய் வரைபடம் கீறிய பிரசாந், அதையே நம்பிக் கொலைக்கும் இறங்கியிருக்கிறான்!

சாம்பவி போனைப் பறித்தாள்.

"அப்ப என்ர கை சரி! தெரிஞ்சுகொண்டே ஏன் சேர் என்னை ஏசினனீங்கள்?"

"நான் இவ்வளவு மெல்லிசு பிள்ளை... நம்ப மனம் வரேல்லை."

"உங்கட மனதுக்காக என்ர கையில விலங்கு விழ இருந்தது! இனி விடமாட்டன். வயித்தில இன்னொரு துண்டு வெட்டித் தாங்கோ, முதலில இருந்து செய்வம்!"

மறுமுனையில் ஆஸ்பத்திரிக் கட்டில் கிறீச்சிட்டது.

"பிரசாந்தைக் கூட்டிக்கொண்டு போட்டினமோ பிள்ளை? அவன்ர ஊசி எவ்வளவோ பரவாயில்லை!"