ஒரு நாளைக்கு இருநூறு கட்டம்

குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால், எழுதப் பழகுகிறவர்கள் தங்கும் அந்த மர வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது மழைக்காலத்தின் முதல் திங்கட்கிழமை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பசை வாசனை மூக்கில் ஏறியது. சோற்றைக் குழைத்துச் செய்த பசை, கொஞ்சம் புளித்திருந்தது. நடைவழியின் இரண்டு சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரைக்கும் எழுதிய தாள்கள் ஒட்டியிருந்தன. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதத் தருவார்களே, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக இருநூறு கட்டம் போட்ட தாள், அதேதான்.

"எழுத்தாளரம்மா வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்காரி வந்தாள். மேங் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்த பார்வையில் துளி ஈரமில்லை.

நான் எழுதிய ஒரு வரிகூட அதுவரை அச்சில் வந்ததில்லை. எங்கள் நாட்டில் பேனாவைத் தொட்டவரையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் அவள் வாயால் கேட்டபோது எரிச்சல் வந்தது.

"இங்க விதி ஒண்ணுதான். தெனம் காலையில உங்க செருப்புக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதுல என்ன போட்டிருக்கோ, அதப் பத்தி ஒரு தாள் எழுதணும். கட்டம் பூரா நெறையணும். எழுதி முடிச்சா நீங்களே சுவத்துல ஒட்டிடணும். ஒரு நாள்கூட விடக்கூடாது."

"விட்டா என்ன ஆகும்?"

"எதுக்கு விடணும்? பழக்கம் வரணும்னுதானே வந்தீங்க?"

அதற்குத்தான் வந்திருந்தேன். முப்பத்தாறு வயதுக்குள் பதினோரு நாவல்களைத் தொடங்கியவள் நான். எதுவும் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. கணவரோடு முறிந்தாகிவிட்டது. ஏழு வயது மகள் தாரினை, பள்ளி விடுமுறைதானே என்று, ஜொன்ஜுவில் இருக்கும் என் அக்காவிடம் விட்டிருந்தேன். "ஒரே ஒரு மாசம்க்கா. தெனம் எழுதற பழக்கம் மட்டும் வந்துட்டா போதும்" என்று கெஞ்சினேன். "பெத்த பொண்ணே உனக்குத் தொந்தரவாப் போச்சா சன்மி?" என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்வியை நான் மன்னிக்கவில்லை. அதில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் காரணம்.

முதல் வாரம் பிரமாதமாகப் போனது. 'முதல் பள்ளிப் பை.' 'அப்பாவின் கோட்டு.' 'ஊரில் ஓடிய ஓடை.' பென்சிலால் எழுதிய குட்டிக் குட்டி எழுத்து. உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் தாள் நிறைந்துவிடும். எழுதி ஒட்டியதும் உடம்பே லேசாகிவிட்டதுபோல் இருக்கும். அடுத்த அறையில் பியோ என்று ஒருவர் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சொந்தக் கதையை எழுத வந்து ஒரு வருடம் ஆகிறதாம். தினமும் காலையில் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்து, "புதுசா வந்திருக்கீங்களா, தங்கச்சி?" என்பார்.

"ஆமாண்ணே, இப்பதான் உங்க பஸ்ல வந்து இறங்குனேன்" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார். ஒவ்வொரு நாளும் அதே சிரிப்பைச் சிரிப்பார். வேடிக்கையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் ஒரு கதைப் போட்டிக்குக் கடைசி நாள் நெருங்கியது. செருப்பிலிருந்து எடுத்த சீட்டுகளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுக் கதையைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மேங் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"ஏழு தாள் ஒட்டலை நீங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சுவத்துல இருக்கணும்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் இந்த வித்தையில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள். நாற்பது நாள் விடுமுறை நாட்குறிப்பை, பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் ஒரே மூச்சில் எழுதாத பிள்ளை எங்கள் நாட்டில் உண்டா? மழை, வெயில் என்று வானிலையைக்கூடக் கற்பனை செய்து எழுதியவர்கள்தானே நாங்கள். ஏழு சீட்டுகளையும் பரப்பினேன். 'ஒரு மச்சம்.' 'விழுந்த பல்.' 'மஞ்சள்.' 'காய்ச்சல் அடித்த நாள்.' 'உறங்கும் கை.' 'உன்னைக் கூப்பிடும் குரல்.' 'சிரிப்பு.'

யோசிக்கவே தேவையிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் தாரின் இருந்தாள். மூன்று மணி நேரத்தில் ஏழு தாளையும் அவளை வைத்தே நிரப்பினேன். ஒட்டிவிட்டுக் கையைக் கழுவி, நூடுல்ஸ் வேகவைத்துத் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. ஒரு குழந்தையின் குரல்.

"அம்மா!"

"யாரும்மா நீ? நம்பர் மாத்திப் போட்டுட்டியா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "அம்மா, வெளையாடாத." பிறகு அழுகை. அக்கா போனைப் பிடுங்கினாள். "ஏண்டி பிள்ளைய அழ வைக்கிற? பைத்தியமா உனக்கு?"

சரியாகக் கேட்கவில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். போனில் இருந்த படங்களைத் திறந்தேன். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு சிறுமி. அழகான பிள்ளை. எனக்கு ஒரு மகள் இருப்பது தெரிந்தது. பெயர் தாரின் என்பதும் தெரிந்தது. இந்த முகத்தை மட்டும் நான் எங்கும் பார்த்ததே இல்லை.

நடைவழிக்கு ஓடினேன். பட்டப்பகலிலும் மழை இருட்டு. பியோ சுவரோரம் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

மென்று விழுங்கினார். எழுந்து சுவரருகே போனார். தாள்களின் மேல் விரலை ஓட்டித் தேடினார்.

"இருக்காங்க போலருக்கு. ரெண்டு பேர்" என்றார். "பெரியவன் பேரு இங்கதான் எங்கேயோ இருந்துச்சு." திரும்பி வந்து மறுபடியும் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குள் பயம் இறங்கியது. என் ஏழு தாள்களும் மூலையில் இருந்தன. கடைசித் தாளை வாசித்தேன். என் கையெழுத்துதான். 'சிரிப்பதற்கு முன் இரண்டு முறை மூச்சை இழுப்பாள். பிறகு விக்கல் வந்ததுபோல் மூன்று முறை சிரிப்பாள்.'

ஜன்னல்கள் மூடியிருந்தன. காற்றில்லை.

தாள் உப்பியது. பிறகு அடங்கியது.

சுவருக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

மறுபடி ஒரு மூச்சு.

பிறகு, விக்கல் வந்ததுபோல், மூன்று சிரிப்பு.

என்ன செய்தேன் என்று முழுதாக நினைவில்லை. நகத்தால் தாளைப் பிறாண்டினேன். நேற்று ஒட்டிய பசை இன்னும் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. தாளுக்கு அடியில் மரம் இல்லை. பழைய தாள், அதற்கடியில் அதைவிடப் பழைய தாள். நான் இழுக்க இழுக்க, உள்ளேயிருந்து ஏதோ ஒன்று எதிர்ப்பக்கமாக இழுத்தது. பலமாக இழுத்தது.

"விடு" என்றேன்.

"என்னோடது" என்று மிக அருகில் கிசுகிசுத்தது. சற்றுமுன் போனில் கேட்ட அதே பிள்ளைக் குரல்.

பியோ தலையைத் தூக்கவே இல்லை. விரலில் ரத்தம் வர வர ஏழு தாளையும் கிழித்தெடுத்தேன். வாசலுக்கு ஓடினால், மேங் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்குச் சீட்டை எடுக்கவே இல்லையே நீங்க."

பிரித்தேன். 'உன் மகள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. கிழித்து அவள் காலடியில் போட்டேன்.

"எழுத மாட்டேன். செத்தாலும் எழுத மாட்டேன்."

அவள் கோபப்படவில்லை. செருப்பைக் கீழே வைத்தாள். "இந்த வீட்டுக்குத் தெனம் ஒரு தாள் வேணும். யாரு கைன்னு அது பாக்காது" என்றாள்.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஜொன்ஜு பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க அந்த ஏழு தாள்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். இடது காதுக்குக் கீழே மச்சம். மேல்வரிசையில் முன்பல் இல்லை. தூங்கும்போது என் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வாள். காய்ச்சல் வந்தால் பேரிக்காய்ச் சாறு கேட்பாள். மனப்பாடம் ஆகும்வரை திருப்பித் திருப்பிச் சொன்னேன். அழ வேண்டும்போல் இருந்தது, ஆனால் யாருக்காக அழுவது என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையைக் கொடுத்து நான் ஒரு பழக்கத்தை வாங்கியிருந்தேன். என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. எனக்கு அவளைத் தெரியாவிட்டால் என்ன, அவளுக்கு என்னைத் தெரியும். ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். மீதியை ஒவ்வொன்றாக அவளே எனக்குச் சொல்லித் தருவாள். ஏழு வயதுதானே, எங்களுக்கு நிறையக் காலம் இருக்கிறது.

அக்கா கதவைத் திறந்தாள். "நல்லா நனைஞ்சிருக்க. வா, வா. உன் பொண்ணு உன்னை மாதிரியேதாண்டி இருக்கா" என்று சிரித்தாள். "மத்தியானம் போனை வெச்ச கொஞ்ச நேரத்துல சட்டுனு அழுகைய நிறுத்துனா. ஒக்காந்து எழுத ஆரம்பிச்சவ, சாப்பிடக்கூட எழுந்திருக்கல. யாரும் எழுதச் சொல்லல. அந்தத் தாளு எங்கேருந்து கெடைச்சுதுன்னே தெரியல. சோத்த வேற நசுக்கி என் புதுச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கா, பாரு."

பார்த்தேன். இருநூறு கட்டமும் நிறைந்திருந்தது. மேலே, பிள்ளைக் கையெழுத்தில், 'என் அம்மா' என்று தலைப்பு.

உள் அறையிலிருந்து ஒரு சிறுமி வந்தாள். இடது காதுக்குக் கீழே மச்சம் இருந்தது. முன்பல் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

"தாரின்" என்றேன்.

அவள் நின்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு கால்களைச் சேர்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொப்புள்மேல் வைத்து, வெளியாட்கள் வந்தால் செய்யச் சொல்லிப் பாலர் பள்ளியில் பழக்குவார்களே, அப்படியே இடுப்பு வளைய ஆழமாகக் குனிந்தாள்.

"வணக்கங்க" என்றாள். "நீங்க யாரப் பாக்கணும்?"