பாதி இறக்கிய ஷட்டர்

பிணம் எழுந்து தண்ணீர் கேட்டால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

குத்தாலம் கடைவீதியில் சாவு ஊர்வலம் போனால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். செத்தவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை, அது ஒரு மரியாதை. அன்றைக்கும் தப்புச் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு கூட்டம். முன்னால், வாய்க்கால் பாலத்துச் சரிவில், தரையோடு தரையாக ஏதோ ஒன்று உருண்டு வந்தது. அதில் கால்களை முன்னே நீட்டி, தலையோடு வெள்ளைத் துண்டு போர்த்தி, செவ்வந்தி மாலை சகிதமாக ஓர் ஆள்!

ஜன்னத் டெய்லர்ஸ் கமருன்னிஸா கையிலிருந்த ரவிக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஷட்டரைப் பாதி இறக்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். 'ஐயோ பாவம்... வாலிபப் பிள்ளை போலிருக்கே...'

அந்த வாலிபப் பிள்ளை அவள் கடை வாசலில் பிரேக் பிடித்தது.

"ஏங்க... குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"யா அல்லாஹ்!"

அவள் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடை வைத்தியலிங்கம் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே கொட்டிவிட்டார்.

"உசுரோடதான் இருக்கீங்களா?" என்றாள், படபடப்பு அடங்காமல்.

"நீங்க தண்ணி குடுத்தா இருப்பேன்."

குறும்பு! கண்ணில் மட்டும் என்ன சிரிப்பு... கமருன்னிஸாவுக்குக் கோபமாக வந்தது. சொம்பை நங்கென்று வைத்தாள்.

அவன் பெயர் சேக் தாவூது. நாகூரில் வெளிநாட்டுச் சாமான் கடை. வயலுக்குள் எரிவாயுக் குழாய் பதிக்கக் கூடாதென்று விவசாயிகள் சாலை மறியல் செய்ததில், சாமான் ஏற்றிவந்த வேன் நின்றுவிட்டது. பொறுமை இல்லாமல் இந்த மிதிவண்டியை மட்டும் இறக்கி மிதித்துக்கொண்டு வந்திருக்கிறான். மறியல் முடிந்த கூட்டம் தப்படித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தது, அவ்வளவுதான்.

"அந்த மாலை?"

"திருச்சியில வண்டி கிளம்புறப்போ வேன் டிரைவர் ஆசையாப் போட்டாருங்க. துண்டு, தூறலுக்கு."

கோபம் போன இடத்தில் ஆவல் வந்து உட்கார்ந்தது. கமருன்னிஸா அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சாய்வு நாற்காலி மாதிரி ஒரு சீட். பெடல் எங்கே? அட, முன்னால் நீளும் குழாயின் நுனியில்!

"துபாயில எங்க மச்சான் பார்த்து அனுப்பினது. ரெண்டு சக்கரத்துலயும் இதே மாதிரி இருந்துச்சாம். நம்ம ஊரு குண்டுகுழிக்கு மூணுதான் சரின்னு சொல்லிட்டேன். இது எப்படி ஓட்டினாலும் சாயாது."

"சாயவே சாயாதா?"

அவள் கேட்ட விதத்தில் அவன் சிரிப்பை நிறுத்தினான்.

கடை மூலையில் ஒரு சைக்கிள் நின்றது. பதினொன்றாவது படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். அதற்கு முன்பே வந்த ஒரு காய்ச்சல் அவள் காது நரம்பைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. இரண்டு சக்கரத்தில் தானே ஓட்டினால் நிலை தவறி, தலை சுற்றி விழுவாள். அதனால் சைக்கிள் துணி மாட்டும் கொடியாகிவிட்டது. கிராமத்துக் கல்யாண வீடுகளில் அளவெடுக்கக் கூப்பிட்டால், அண்ணன் ஹாஜா மைதீன் மனசு வைத்து பைக்கில் கூட்டிப் போனால்தான் உண்டு. ஒரு தரமாவது யாரையும் கேட்காமல் தானே போய்வர வேண்டும்... அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

"உக்காந்து பாருங்க" என்றான்.

கால் எட்டவில்லை. அவன் ஸ்பானரை எடுத்து முன்குழாயைத் தளர்த்தி உள்ளே தள்ளினான். "இப்போ?" இன்னும் கொஞ்சம். "இப்போ?"... அவள் பாதம் பெடலில் பொருந்தியது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளும் பார்த்தாள். இருவரும் சட்டென்று வேறெங்கோ பார்த்தார்கள்.

வாய்க்கால் கரையோடு போனாள். நடவு முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் ஓடின. தலை சுற்றவில்லை! வாய்விட்டுச் சிரித்தாள். தூறல் வேறு முகத்தில் விழுந்தது.

திரும்பி வந்து, மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். காது, காய்ச்சல், சைக்கிள்... "என்ன விலை சொல்லுங்க. தவணையிலயாவது வாங்கிக்கிறேன்."

தாவூது உருகிப்போனான். உருகினால் வாயைக் கட்டத் தெரிய வேண்டாமா?

"அடடா, பாவம்... விலையெல்லாம் வேணாங்க. நீங்களே வச்சுக்குங்க."

அவ்வளவுதான். மழையில் நனைந்த அந்த முகம் சுருங்கிவிட்டது.

"எனக்கு யாரும் பாவம் பார்க்க வேணாம். எடுத்துட்டுப் போங்க."

"நான் அப்படிச் சொல்லலைங்க..."

"போங்கன்னா போங்க!"

ஷட்டர் முழுசாக இறங்கியது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றின் முதலாளி இளையபெருமாள் இந்த வண்டியை வாங்கக் காத்திருந்தார். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அங்கேயே போனான்.

அப்புறம் அவளுக்கு வேலை ஓடினால்தானே! கழுத்து வைக்க வேண்டிய இடத்தில் கை வைத்துத் தைத்தாள். 'வீராப்பு என்னடி வேண்டிக்கிடக்கு? இந்நேரம் வித்திருப்பான்...' தூறல் விழுந்தாலே பாலத்தைப் பார்த்தாள்.

அந்த வாரக் கடைசியில், நல்ல மழை. பாலத்துச் சரிவில் மறுபடியும் அது வந்தது. ஆனால் ஏன் இப்படித் தத்தளிக்கிறது? முட்டி இரண்டும் மோவாயில் இடிக்க, ஒரு மிதிக்கு ஒரு முனகலாக வந்து நின்றான் சேக் தாவூது.

"என்ன கோலம் இது? குழாயை நீட்டிக்க வேண்டியதுதானே?"

"லாட்ஜ்காரரும் அதையேதான் சொன்னாரு. ஸ்பானரை எடுத்தேங்க... கை வரலை."

"ஏனாம்?"

"அது உங்க கால் அளவு. மாத்த மனசில்லை. விக்கறதுக்கில்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் குனிந்து முன்குழாயைத் தொட்டுப் பார்த்தாள். ஆனாலும் விடுவாளா? "இதுவும் பாவம் பார்த்துத்தானா?"

"அன்னைக்கு என்னைப் பார்த்து ஷட்டரை இறக்கினீங்களே, நீங்க பாவம்னு நினைக்கலையா? நான் கோவிச்சுக்கிட்டேனா?" மழையைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தான். "இது பாவமில்லைங்க. பிடிச்சிருக்கு. உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு."

கமருன்னிஸா இஞ்ச் டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"வண்டியை விலைக்குத்தான் வாங்குவேன்."

"சரிங்க."

"மத்ததை... உங்க வீட்டுப் பெரியவங்களை வந்து எங்க அத்தா, அம்மாகிட்ட பேசச் சொல்லுங்க." குரல் இறங்கியது. "எனக்கும் பிடிச்சிருக்கு."

தாவூது அப்படியே சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டான். எதிரே கடகடவென்று சத்தம். வைத்தியலிங்கம் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, திறங்கண்ணே! உசுரோடதான் இருக்காரு!"

"இப்பத்தாங்க வந்துச்சு" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.