ஒரு பழம் போதும்

கம்பம் சந்தையில் திராட்சையை எண்ணித்தான் விற்கிறார்கள். வீட்டில் நாலு பேர் என்றால் நாலு பழம். விருந்தாளி வந்திருந்தால் ஐந்து. தராசு வைத்திருந்தவர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கொசுறு கேட்பவரும் இல்லை, கேட்டால் முறைப்பவரும் இல்லை.

பழத்தின் பெயர் நிறைவி. பேராசிரியர் தவமணி உருவாக்கிய ரகம். நாம் சாப்பிடும்போது வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் இன்னும் இரண்டு இட்லி உள்ளே போய்விடுகிறது. நிறைவியின் சாறு வயிற்றில் பட்டதும் அந்தச் செய்தியை உடனே கொண்டு சேர்த்தது. தவமணி திட்டமிட்டது அவ்வளவுதான். சர்க்கரை நோயாளிகளுக்கு உதவும் என்று ஆய்வறிக்கையிலும் எழுதினார். ஆனால் இட்லி வேறு, ஆத்திரம் வேறு, அடுத்தவன் வாங்கிய கார் வேறு என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘போதும்’ என்று சொல்லிவிட்டது.

பள்ளத்தாக்கே மாறிப்போயிற்று. நிச்சயதார்த்தத் தாம்பூலத்தில் ஆளுக்கொரு பழம் வைக்கும் வழக்கம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதை வாயில் போட்டதும் சீர்வரிசைப் பேச்சு அத்தோடு நின்றது. வரப்புத் தகராறுக்காகக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்த அண்ணன் தம்பி இருவர், வக்கீலிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டாவது ரேங்க் வாங்கிய பிள்ளையின் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய், முதல் ரேங்க் வாங்கிய பிள்ளைக்கு முத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். இதைவிட என்ன வேண்டும்?

இப்படி எல்லாரும் சந்தோஷமாக இருந்தபோதுதான் விவசாயிகள் தாய்க்கொடியைப் பிடுங்க வந்தார்கள்.

மேற்குமலைப் பழவியல் பல்கலைக்கழகத்தின் கண்ணாடிக் கூடத்தில் இருந்தது அந்தக் கொடி. நடவுக்கு வேண்டிய குச்சியை அதிலிருந்துதான் வெட்ட முடியும். மற்றக் கொடிகளின் குச்சியை நட்டால் வெறும் திராட்சைதான் காய்த்தது. தவமணி உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த புதிதில் போட்ட விதை அது. பகலெல்லாம் ஆய்வகம், சாயங்காலம் ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய், கொடியை வெட்டிச் சீராக்கும் கவாத்து, மருந்து, உரம் என்று விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது. அவருடைய வாழ்க்கை இப்படியே போயிற்று. பிடுங்க வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கவாத்துக் கத்தரியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

கோபப்படுவது அவர்களுக்கு எளிதாக இல்லை. போன தடவை வந்தபோது “பிடுங்கு, பிடுங்கு” என்று ஒரு கோஷம் போட்டதும், “சரி, போதும்ப்பா” என்று கலைந்துவிட்டார்கள். நிறைவியின் வேகம் உடம்பைவிட்டு இறங்க மூன்று நாள் ஆகும். ஆகவே இந்த முறை, போராட்டத்துக்கு வருகிறவர்கள் மூன்று நாள் பழம் தொடக் கூடாது என்று சங்கம் கட்டளை போட்டிருந்தது. வந்தவர்கள் கண் சிவந்து, கடப்பாரையோடு வந்திருந்தார்கள்.

துறைத்தலைவர் கிருபாகரன் காலையிலேயே பழம் சாப்பிட்டவர். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

“எதுக்கு மேடம் வம்பு? ஆளுக்கு ஒரு பழம் தட்டுல வெச்சுக் குடுத்துடலாம். அஞ்சு நிமிஷத்துல கெளம்பிடுவாங்க.”

“அவங்க என்ன சொல்ல வந்தாங்கன்னு நமக்குத் தெரியாமலே போயிடும் சார்,” என்று சொல்லிவிட்டுத் தவமணி வெளியே போனார். அந்தக் கொடி போய்விட்டால் இத்தனை வருட வேலைக்கு அடையாளமாக எதுவும் மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும்.

சங்கத் தலைவர் ஒச்சப்பன் முன்னால் வந்தார்.

“கோவிச்சுக்கிறாதீக மேடம். கொடி நல்ல கொடி, பழம் நல்ல பழம். எங்க பொழப்புதான் நாறிப் போச்சு.”

“என்னண்ணே ஆச்சு? வெளைச்சல் இல்லையா?”

“வெளைச்சலுக்கு என்ன, கொட்டுது. வெளியூரு யாவாரி வாரான். அவன் பழம் திங்கிறதில்ல, வெவரமான ஆளு. மொத வெலைய ஒண்ணு சொல்றான். நாங்க காலையிலயே ஆளுக்கொண்ணு தின்னுட்டு நிக்கிறோம். ‘போதும்ங்க, எடுத்துக்கங்க’ன்னு வாய் தானாச் சொல்லிருது. மூணு நாள் திங்காம இருந்த பெறகுதான் ஒறைக்குது, அவன் குடுத்தது உரத்துக்குக்கூடக் காணாதுன்னு.”

“எங்க கெணத்து மோட்டாரு களவு போச்சு,” என்றார் பக்கத்தில் நின்ற வேலுத்தாய். அவர் தனியாளாக நின்று தோட்டம் பார்ப்பவர். “தேவைப்பட்டவன் எடுத்திருப்பான்னு சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் மேடம். நேத்துத்தான் அழுகையே வந்துச்சு.”

தவமணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார். வேலுத்தாய் விடவில்லை.

“நீங்க மட்டும் எப்படி மேடம்? இதத் தின்னுபுட்டும் ராப்பகலா ஓடியாடி வேல பாக்குறீக?”

“நான் தின்னதில்லம்மா.”

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. தவமணி விளக்கினார்.

“ரகம் பாக்குறவங்க பழத்த முழுங்கக் கூடாது. வாயில வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடணும். அதுவும் இந்தப் பழத்த முழுங்கிட்டா எல்லாமே நல்லா இருக்குற மாதிரித் தோணிடும். அப்புறம் அடுத்த செடிக்கு எதுக்குப் போகப்போறேன்?”

“அடியாத்தீ! ஊருக்கெல்லாம் பந்தி வெச்சுட்டு நீங்க பட்டினியா?” என்றார் வேலுத்தாய்.

ஒச்சப்பன் கடப்பாரையைக் கீழே போட்டார். அவர் மனசில் ஏதோ ஓடியது முகத்திலேயே தெரிந்தது.

“ஏன் மேடம், வெல பேசுறவன் மட்டும் உங்கள மாதிரி முழுங்காம இருந்தா?”

“தெருவுக்கு ஒரு ஆள் இருந்தாப் போதுமேண்ணே!” என்று தவமணி கத்தியே விட்டார்.

அங்கேயே தெருத்தெருவாகப் பெயர் கொடுத்தார்கள், ஒச்சப்பன் முதல் ஆளாக. அவர்களுக்குக் ‘குறையாளர்’ என்று பட்டமும் வைத்தார்கள். பழம் தொடாமல் இருந்து, விலை பேசி, களவு போனதைத் தேடி, மனு எழுதிப் போட்டுத் தெருவுக்காகக் குறைப்படுவது அவர்கள் வேலை. கொடி பிழைத்தது. ஆனால் வேலுத்தாய் ஒரு நிபந்தனை போட்டார்: மேடம் தங்கள் கண் முன்னால் ஒரு பழத்தை முழுங்க வேண்டும்.

தவமணி முழுங்கினார். வெயில் அதே வெயில்தான். சேலையில் மண் ஒட்டியிருந்தது. வராத ஆராய்ச்சி நிதி வராமலேதான் இருந்தது. ஆனாலும் அந்த நிமிடத்தில் எதிலும் ஒரு குறையும் இல்லை. அவர் சிரிக்கத் தொடங்கினார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவரைப் பார்த்துக் கூட்டமும் சிரித்தது. நல்ல நாள் அது.

அடுத்த சந்தையில் ஒச்சப்பன் பேசிய பேரத்தில் வியாபாரி வியர்த்துப்போய் மூன்று முறை முகம் கழுவினான். வேலுத்தாயின் மோட்டாரும் கிடைத்தது. தவமணி தினம் ஒரு பழம் சாப்பிட்டார். நேரத்தோடு வீட்டுக்குப் போனார், மத்தியானம் தூங்கினார், பார்க்கிறவர்களிடமெல்லாம் நலம் விசாரித்தார். புதுச் செடிகள் சோதிக்க ஆளில்லாமல் பழுத்து உதிர்ந்தன.

பிறகு, தாய்க்கொடியைக் கண்காணிக்கும் இலைநோக்கி என்ற கருவி அவருடைய கைப்பேசியில் அலறியது. இலைக்கு அடியில் வெள்ளைப் படலம்: அடிச்சாம்பல் நோய். தவமணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “பாவம், பூஞ்சையும் ஒரு உயிர்தானே,” என்று அலறலை நிறுத்தினார். கிருபாகரனும் ஆமோதித்தார்.

குச்சி வாங்க வந்த ஒச்சப்பன்தான் கொடியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

“மேடம்! எல பூராவும் பூஞ்சையா இருக்கு!”

“வாங்கண்ணே, காப்பி சாப்பிடுறீங்களா? அதுக்கும் வயசாயிடுச்சு. நல்லா வாழ்ந்துச்சு, போதும்.”

ஒச்சப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொடியைப் பிடுங்க வந்தபோதுகூட அவர் இவ்வளவு பயப்படவில்லை. எல்லாத் தெருக் குறையாளர்களையும் கூப்பிட்டார். தவமணி முன்பு கற்றுக்கொடுத்த மருந்தைக் கலந்து அடித்தார்கள். எந்தக் கிளையை வெட்டுவது, எதை விடுவது என்பதுதான் ஒருவருக்கும் பிடிபடவில்லை. அது தெரிந்தவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே அவர் வீட்டிலிருந்த பழங்களை அள்ளிக்கொண்டு போய், வாசலில் ஆள் போட்டார்கள். தவமணி அதற்கும் சிரித்தார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். “யாரு இந்த மருந்து அடிச்சது? ஏன் எனக்கு மொதல்லயே சொல்லலை?” என்று எல்லாரையும் வைதுகொண்டே கத்தரியைப் பிடுங்கி, கொடியைக் கிட்டத்தட்ட மொட்டையாக வெட்டினார். வெட்டும்போது அழுதார்.

கொடி துளிர்த்த அன்று சங்கம் பல்கலைக்கழகத் திடலில் கூடியது. ஒரே ஒரு தீர்மானம். பேராசிரியர் தவமணிக்கு அவர் பணி ஓய்வு பெறும் நாள் வரை பள்ளத்தாக்கில் யாரும் நிறைவிப் பழம் கொடுக்கவோ விற்கவோ கூடாது. காலையில் பழம் தின்றுவிட்டு வந்திருந்த அத்தனை பேரும் மகிழ்ச்சியாகக் கை தூக்கினார்கள்.

தவமணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“என்ன அநியாயம் இது? நான் உண்டாக்குன பழம்! ஊரே தின்னும், நான் மட்டும் வேடிக்கை பாக்கணுமா? துணைவேந்தர்கிட்ட போவேன். கோர்ட்டுக்குப் போவேன். அதுசரி, வடக்கு வரிசையில கவாத்து பண்ணது யாரு? அது கவாத்தா, இல்ல ஆடு மேஞ்சுதா?”

திடல் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. வேலுத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரியாயிட்டாக!” என்று ஒச்சப்பன் துள்ளிக் குதித்தார். “மேடம் சரியாயிட்டாகப்பா!”