படங்கு போர்த்திய மணல்மேடு

மருந்துச்சாலையிலிருந்து ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறி வருவதற்குள் சஞ்சீவனிக்குக் கால் விட்டுப்போனது. அவளும் அம்மாவும் மாறி மாறித் தம்பி சுமனைத் தூக்கினார்கள். நான்கு வயதுதான். ஆனால் ஏற்றத்தில் அவன் அரிசி மூட்டை.

இரண்டு வாரமாக அவனுக்கு வயிற்றுவலி.

"நாய்ப் பூச்சி," என்று சொல்லியிருந்தார் டாக்டர். "நாயோட கழிவுல பூச்சி முட்டை இருக்கும். அந்த மண்ணில விளையாடின கையை வாயில வச்சிருக்கான். பிள்ளைக்கு மாத்திரை தாறேன். நாய்க்கும் குடுக்கணும்."

வாசலில் அவர்களுடைய நாய் வாலன் துள்ளி வந்தது. அம்மா தொப்பென்று படியில் உட்கார்ந்தார்.

"எல்லாம் இந்தச் சனியனால வந்தது. நாளைக்கு அழகரோட மரக்கறி லொறி தெல்தெனிய போகுது. இதையும் ஏத்தி விட்டுர்றேன்."

சஞ்சீவனிக்கு அழுகை முட்டியது. வாலன் இல்லாமல் யாரோடு பள்ளிக்கூடம் போவது?

லயத்துக்குப் பின்னால் ஒரு மணல்மேடு கிடந்தது. கழிப்பறை கட்டக் கொட்டியது. ஆறு மாதமாகியும் ஒரு கல்லைக்கூட யாரும் வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டுத் திடல், நாய்களுக்குக் கழிப்பறை.

"அம்மா, வாலன் போனாலும் மண்ணு இங்கதானே கெடக்கும்? கீழ் லயத்து நாயெல்லாம் வருதே!"

"அதுக்கு நான் என்னடி செய்றது? எனக்கு முடியல, புள்ள."

அம்மாவுக்குக் கோபம்கூட இல்லை. அவ்வளவு அசதி.

சஞ்சீவனி சுவரைப் பார்த்தாள். அம்மாவின் படங்கு தொங்கியது. கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றும் தடித்த விரிப்பு அது. எல்லா வீட்டிலும் கிழிந்தது ஒன்றாவது இருக்குமே!

கதவு கதவாகப் போய்க் கேட்டாள்.

"கிழிஞ்ச படங்கைப் போய்க் கூறச்சேலைய கேக்குற மாதிரியில்ல கேக்குற!" என்று சிரித்தபடியே எடுத்துக் கொடுத்தார் அங்கம்மா அத்தை.

ஏழு சேர்ந்தன. கையில் பிளாஸ்டிக் ஷொப்பிங் பேக்கை உறைபோல மாட்டிக்கொண்டு மேட்டிலிருந்த அசிங்கத்தை அள்ளினாள். குழி தோண்டிப் புதைத்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிறகு நாய்கள் மணலில் இறங்காதபடி படங்குகளை விரித்துக் கல் வைத்தாள்.

ஒரு மூலைக்கு மட்டும் போதவில்லை. வாலன் சரியாக அந்த மூலையில் போய்ச் சுருண்டு படுத்தது!

"எந்திரிடா, அம்மா பாத்தா அவ்வளவுதான்!"

அம்மா பின்னாலேயே நின்றார். மேட்டைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். சஞ்சீவனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா திரும்பி வந்தபோது கையில் அவருடைய பழைய படங்கு இருந்தது.

"தள்ளிப் படுடா," என்று வாலனை விரட்டிவிட்டு, அதை மூலையில் விரித்தார்.

காலையில் லொறி வந்தது.

"அக்கா, நாய் எங்க?" என்றார் அழகர்.

"அது வரல, தம்பி. மிருக வைத்தியர்கிட்ட கேட்டு, அதுக்குப் பூச்சி மாத்திரை மட்டும் வாங்கிட்டு வாங்க."

அன்று மாலை சுமன் முகத்தைச் சுளித்துச் சுளித்துத் தன் மாத்திரையை விழுங்கினான். வாலனின் மாத்திரையைக் கருவாட்டுத் துண்டுக்குள் ஒளித்துக் கொடுத்தாள் சஞ்சீவனி. ஒரே வாயில் போய்விட்டது.

சுமனுக்கு வந்ததே கோபம்!

"எனக்கு மட்டும் ஏன் கருவாடு தரல?"

இந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.