நாலு மணி வியர்வை

அன்றும் நாலு மணிக்கு அந்தக் கோடு ஏறத் தொடங்கியது.

மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தபடியே அவள் போனைப் பார்த்தாள். கணவனின் சர்க்கரையைக் கவனிக்க டாக்டர் அவன் கையில் ஒட்டச் சொன்ன பட்டையின் கோடு அது. பட்டை அவன் வியர்வையை அளந்து, எங்கிருந்தாலும் அவள் போனுக்குச் சொல்லிவிடும். ஏசி அறையில் உட்கார்ந்து கட்டட வரைபடம் போடுகிறவனுக்குத் தினமும் இந்த நேரத்தில் எதற்கு இப்படி வியர்க்கிறது? அவன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவளின் சிரிப்பை அவள் ஒருமுறை போனில் கேட்டிருந்தாள். அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

தலைவலி என்று சொல்லிவிட்டு நேரே அங்கே போனாள்.

அவன் தனியாகத்தான் இருந்தான். புதியவள் லீவு. அவன் நெற்றியில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

"என்னம்மா, திடீர்னு?"

"கையைக் காட்டுங்க."

சட்டையை மடித்தான். பட்டை இல்லை, சிவந்த தடிப்பு மட்டும்.

"அரிப்பு தாங்கலை. ரெண்டு வாரமா காலையில கழட்டிக் கட்டில்ல வெச்சுட்டுதான் வர்றேன். நீ திட்டுவேன்னு சொல்லலை."

போனில் கோடு ஏறிக்கொண்டிருந்தது. அதன் கீழே, பட்டை தோலில் ஒட்டியுள்ளது என்றிருந்தது.

அப்படியானால் அந்தப் புதியவளிடம் சாவியையே கொடுத்து வைத்திருக்கிறான். தன் வீட்டில், தன் கட்டிலில். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. அவனையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. கதவைத் திறந்ததும், மூடிக் கிடந்த வீட்டின் புழுக்கத்தோடு, அவனுடையதும் அல்லாத தன்னுடையதும் அல்லாத ஒரு வியர்வை வாடை, இப்போதுதான் யாரோ புரண்டு படுத்ததுபோல், படுக்கையறையிலிருந்து மெல்ல வந்து அவள் முகத்தில் படிந்தது.

உள்ளே யாருமில்லை.

கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் விரிப்பு ஓர் ஆள் வடிவில் நனைந்திருந்தது. தலை. தோள். இடுப்பு. நீண்டு கிடந்த ஒரு கை. அந்தக் கையில் பட்டை.

தொட்டாள். சூடாக இருந்தது.

"யாருங்க இது?"

அவன் தூக்கம் வந்தவன்போல் கட்டிலில் உட்கார்ந்தான். அந்த ஈரத்தின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தான்.

"வேண்டாம். எழுந்திருங்க."

கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவன் காலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

விரிப்பில் அந்தக் கை மட்டும் உலர்ந்தது.

அவனுடைய காய்ந்த சட்டை முதுகில் ஓர் ஈர விரல் தெரிந்தது. பிறகு இன்னொன்று. ஐந்தும் பதிந்ததும், உள்ளங்கை அழுந்தி, அவனைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டது.